அரை மார்க்குக்கு ஐந்து வருடம்

கட்-ஆஃபில் அரை மார்க் குறைந்தவர்களுக்கு, மருத்துவக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்த நினைவை மட்டும் ஆறுதலாக மூளையில் ஏற்றிவிடுவார்கள். தென்னவனுக்கும் ஏற்றினார்கள். மெஸ் சாம்பாரின் புளிப்பு இப்போதும் நாக்கில் நின்றது. அனாடமி தேர்வுக்குத் தன் நோட்டைக் கொடுத்துவிட்டுத் தானே ஃபெயிலான ரூம்மேட் இம்மானுவேலை நினைத்தால் கண் கலங்கியது.

விலங்கியலா, புள்ளியியலா என்று பி.எஸ்சி. சேர்க்கைப் படிவத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மருத்துவ சீட் ஒன்று காலியாம். ஒரே படிப்பை இருமுறை படிக்க விதியில் இடமில்லை என்பதால், ஏற்றிய நினைவை அழித்த பிறகே சேர்ப்பார்களாம்.

"சரின்னு சொல்லுடா," என்றாள் அம்மா.

"அப்போ இம்மானுவேல்?"

"அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாதுடா."

"அதாம்மா. நானும் மறந்துட்டா அவனுக்கு வேற யார் இருக்கா?" என்றபடி விலங்கியலை டிக் செய்தான்.