ஒரு நூல், ஒரு மைல்

முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு முத்துக்கருப்பன் குச்சியை நீட்டினான். சரடு விறைத்தது.

தோணி குலுங்கியது. குச்சி ஆடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

பின்னால், மேற்கே, இறங்கும் வெயிலுக்குள் ஒரு கறுப்புக் கோடு. பாய்மரம். அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கண் கூசியது.

யார் என்று பார்க்க வேண்டியதும் இல்லை. இன்றைக்கு ஞாயிறு. மாதா கோயில் பூசை நாளில், இவர்கள் கிளம்பி வந்த கரையில் வேறு எவரும் பாய் விரிப்பதில்லை.

"எம்புட்டுத் தூரம் ஆசாரி? வெரசாச் சொல்லு" என்றார் தோணிக்காரர் மரிய அந்தோணி. ஆடிக்கொண்டிருந்த சுக்கானை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். "ஞாயித்துக்கெழமை கடலுக்கு வந்தேன்ல, மாதா சுக்கானைப் புடுங்கிட்டா."

சுக்கானைத் தாங்கும் கட்டை பிளந்துவிட்டது. வழி இரண்டு. துடுப்பை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு ஊர்ந்து போகலாம். இல்லை, பாயை இறக்கிவிட்டு, புதுக் கட்டை செதுக்கி அடித்து, பிறகு பறக்கலாம். கால் மணி நேர வேலை.

அந்தக் கால் மணி நேரம் கையில் இருக்கிறதா? குச்சிதான் சொல்ல வேண்டும்.

குச்சி அவனே செய்தது. ஒரு தேக்குத் துண்டு. அதில் நூல் நூலாகக் கோடு. எட்டு நூல் ஓர் அங்குலம். நடுவில் கட்டிய சரடு, அதன் நுனியில் முடிச்சு. முடிச்சைக் கடித்துக்கொண்டால் கண்ணுக்கும் குச்சிக்கும் இடைவெளி மாறாது. எதிரே நிற்பதன் உயரம் மட்டும் தெரிந்தால் போதும். அது எத்தனை நூல் தெரிகிறது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம்.

புதுவயல் அரிசி மில்லின் புகைக்கூண்டை வைத்து, சாலையில் மைல்கல் மைல்கல்லாக நின்று சோதித்திருந்தான். ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

இந்தப் பாய்மரத்தின் உயரமும் தெரியும். முப்பதடி. போன மாதம் ஆசைத்தம்பியின் தோணிக் கொட்டகையில் அதை இழைத்தவனே இவன்தான்.

ஆசைத்தம்பி, இப்போது முத்துக்கருப்பனோடு ஓடிவந்திருக்கும் மீனாம்பிகைக்குத் தாய்மாமன். உரிமைக்காரன். பங்குனியில் தாலி கட்ட இருக்கிறவன்.

"அவ பக்கம் திரும்புன, உளி பிடிக்கிற கை ஒனக்கு இருக்காது" என்று சொல்லித்தான் முத்துக்கருப்பனைக் கொட்டகையை விட்டு விரட்டினான். சும்மா சொல்கிறவன் இல்லை. அவனால் இடது கையில் உளி பிடிக்கப் பழகிக்கொண்ட ஆசாரி ஒருவர் சாக்கோட்டையில் இருக்கிறார்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் அவன் ஆட்கள் நின்றார்கள். அதனால்தான் கடல். பாம்பனில் முத்துக்கருப்பனின் அக்கா வீடு. அங்கே போய்விட்டால் காலையில் தாலி.

முத்துக்கருப்பன் ஒற்றைக் கண்ணை மூடினான். பாய்மரம் சரியாக ஒரு நூல்.

"ஒரு மைலுக்கு மேல இருக்குண்ணே. பாயை இறக்குங்க."

இறக்கினார்கள். தோணி நின்று தள்ளாடியது. சுக்கானைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உளியை எடுத்தான்.

பாய் விழுந்த சத்தத்தில், தோணிக்குள் சுருண்டு கிடந்த மீனாம்பிகை எழுந்து உட்கார்ந்தாள். கரையை விட்டதிலிருந்து வாந்தி. ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"ஏன் மச்சான் நிப்பாட்டிட்டீக? பாம்பன் வந்துருச்சா?"

"வந்துருச்சு தாயி. சேலை நனையாம எறங்கு" என்றார் மரிய அந்தோணி.

"ஒன் மாமன் வர்றாரு" என்றான் முத்துக்கருப்பன், தலை நிமிராமல். "பயப்படாத. தூரத்துல இருக்காரு. அதுக்குள்ள முடிச்சிருவேன்."

அவள் பயப்படவில்லை. சிரித்தாள்.

"மாமாவா? அவுக எப்பிடி வருவாக? தோணிக்கு மரம் வேணும்ல?"

உளி நின்றது.

"கொட்டகையில படுத்துக் கெடந்த பாய்மரத்தை நேத்து அறுத்துப்புட்டேன். எல்லாரும் குன்றக்குடிக்குப் போயிருந்தாக. ஒங்ககிட்டக் கரையிலயே சொல்லணும்னு பாத்தேன். எங்க, வாயைத் தொறந்தா வாந்திதேன் வருது."

"அறுத்தா என்ன தாயி?" மரிய அந்தோணியின் குரலில் கேலி போய்விட்டது. "மிச்சத்தை நட்டுக்கிட்டு, நாலு பேரு துடுப்புப் போட்டா வந்துறலாமே."

முத்துக்கருப்பன் குச்சியை எடுத்தான். முடிச்சு பல்லில் நிற்கவில்லை. மறுபடி கடித்தான்.

கறுப்புக் கோடு இப்போது ஒன்றரை நூல்.

மரம் முப்பதடி என்றால் இன்னும் முக்கால் மைல் இருக்கிறது. மரம் குட்டை என்றால், குச்சி சொன்னது அத்தனையும் பொய். கிட்டே வந்துவிட்டவனை எட்டக் காட்டியிருக்கிறது.

"எம்புட்டு அறுத்த?" முடிச்சைத் துப்பிவிட்டுக் கேட்டான். "நுனியில கொஞ்சந்தானே?"

மீனாம்பிகை பெருமையாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நுனியிலயா? நானும் ஆசாரி மகதேன் மச்சான். அளந்து பாத்து, சரிபாதியில அறுத்தேன்."