நல்ல கை வரட்டும்

பதினான்காவது முறையாகச் செக்கரம்மா தன் இரண்டு சீட்டின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். "வேண்டாம்" என்று இரண்டையும் தள்ளிவிட்டார். சுற்றி இருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

"இப்படியே தள்ளிக்கிட்டிருந்தா எப்பத்தான் ஆடுறதா உத்தேசம்?" என்றார் டைம் கீப்பர்.

"நல்ல கை வரட்டும், சார்."

பஸ் டிப்போவின் மனமகிழ் மன்றத்துக்கு டைம் கீப்பர்தான் செயலாளர். டிப்போவிலேயே மின்விசிறியும் சோபாவும் உள்ள ஒரே அறை அது, அதுவும் ஆண்களுக்கு மட்டும். கண்டக்டர், கிளார்க், டிக்கெட் செக்கர் என்று பதினொரு பெண்கள் டயர் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்களுக்கும் இடம் வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டார்கள். மூன்றாவது கடிதத்துக்கு மனுஷர் நோட்டீஸ் போர்டிலேயே பதில் எழுதினார்: 'இது சீட்டாடும் அறை. வேண்டுமானால் ஆடி ஜெயித்து எடுத்துக்கொள்ளவும்.'

செக்கரம்மா அதற்குக் கீழேயே 'சரி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் போக்கர். பழைய யூனிஃபார்ம் பட்டன்தான் பந்தயம், செக்கரம்மாவையும் சேர்த்து ஆடும் ஐந்து பேருக்கும் ஆளுக்கு நூறு. ஐந்து மணிச் சங்கு ஊதும்போது டைம் கீப்பரைவிடச் செக்கரம்மாவிடம் ஒரே ஒரு பட்டன் அதிகம் இருந்தாலும் அறை எல்லாருக்கும் பொது. செக்கரம்மா வராவிட்டாலோ தோற்றாலோ அந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது.

இதையெல்லாம் தாளில் எழுதி அன்று ஆட்டம் தொடங்கும் முன் நீட்டியபோது செக்கரம்மா படிக்கக்கூட இல்லை. "எங்க கையெழுத்துப் போடணும்? விரலை வச்சுக் காட்டுங்க" என்றார். பாவம், பயத்தில் அந்தம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று டைம் கீப்பர் நினைத்துக்கொண்டார்.

போக்கரில் முதலில் ஆளுக்கு இரண்டு சீட்டுத்தான் வரும், அதுதான் 'கை'. அதை ஆடுவதா, தூக்கிப் போடுவதா என்று முடிவு செய்வதில்தான் பாதி வித்தை இருக்கிறது. டைம் கீப்பர் அதில் புலி. எந்த ஜோடியைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று பஸ் அட்டவணை மாதிரி கட்டம் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

மூன்றரை மணிக்குச் செக்கரம்மா திடீரென்று தன் பட்டன் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். அத்தனை நேரம் ஒரு கைகூட ஆடாதவர் தள்ளுகிறார் என்றால் சும்மாவா? எல்லாரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். எதிர்த்து ஆட ஆளில்லை என்றால் ஜெயித்தவர் சீட்டைக் காட்டத் தேவையில்லை. செக்கரம்மாவும் காட்டவில்லை.

நாலு மணிக்கும் அதே கதை, நாலரைக்கும் அதே கதை.

"தங்கம் வந்தாத்தான் தொடுறாங்க" என்றார் சீட்டைப் பிரித்துக் கொடுத்த டிரைவர். "எனக்கே அந்தப் பொறுமை இல்ல."

"முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்கிறவங்க எங்க அக்கா" என்று வாசலில் நின்ற கண்டக்டர் பெண் சொன்னாள். உள்ளே கால் வைக்க அனுமதி இல்லாததால் பத்துப் பேரும் வாசலிலேயே நெருக்கியடித்து நின்றார்கள்.

சங்கு ஊதப் பத்து நிமிடம் இருந்தது. டைம் கீப்பரிடம் இருநூற்றுப் பத்துப் பட்டன், செக்கரம்மாவிடம் நூற்றைம்பது. அப்போதுதான் டைம் கீப்பருக்கு இரண்டு ராஜா வந்தது. அவர் அட்டவணையில் அதற்கு மேலே இரண்டு ஏஸ் மட்டும்தான் உண்டு. நாற்பது பட்டனை எடுத்து வைத்தார்.

மற்றவர்கள் ஒதுங்கினார்கள். செக்கரம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் எல்லாப் பட்டனையும் நடுவில் தள்ளினார்.

டைம் கீப்பர் கணக்குப் போட்டார். மூன்று மணி நேரத்தில் மூன்றே கை ஆடிய பொம்பளை. நாற்பதைப் பார்த்துப் பயப்படவில்லை என்றால் கையில் ஏஸ்தான். எதிர்த்துத் தோற்றால் மிஞ்சுவது அறுபது. இப்போதே சீட்டைப் போட்டுவிட்டால் போவது நாற்பதுதான், அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம். நோட்டைப் பார்த்தார், மறுபடியும் ராஜாக்களைப் பார்த்தார்.

"சார், வண்டியே கிளம்பிடும் போலிருக்கு" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

கடைசியில் இரண்டு ராஜாவையும் எல்லாருக்கும் தெரியும்படி விரித்துப் போட்டார். "இதைத் தூக்கிப் போட எவனுக்கு மனசு வரும்? ஆனா கையைப் படிக்கத் தெரிஞ்சவன் நான். உங்ககிட்ட ரெண்டு ஏஸ்."

டிரைவர் சீட்டைச் சேர்க்கக் கை நீட்டியபோது ஐந்து மணிச் சங்கு ஊதியது. டைம் கீப்பரிடம் நூற்றெழுபது, செக்கரம்மாவிடம் நூற்றுத் தொண்ணூறு.

யாரையும் கேட்காமல் பத்துப் பெண்களும் உள்ளே வந்தார்கள். நாலு பேர் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மின்விசிறியை முழு வேகத்தில் திருகினாள்.

டைம் கீப்பருக்கு மனசு கேட்கவில்லை. செக்கரம்மாவின் சீட்டைத் தானே புரட்டினார். ஒரு நாலு, ஒரு ஒன்பது. அவர் அட்டவணையில் கடைசிக் கட்டத்தில்கூட இடம் பிடிக்காத கை.

"இதை வச்சா என்னை எதிர்த்து ஆடினீங்க?" என்றார்.

செக்கரம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் மின்விசிறிக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதை வச்சுன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க, சார். காலையிலேயே என் படிக்கிற கண்ணாடி உடைஞ்சு போச்சு."