நாலே முக்கால் மணித்தியாலம்

பகல் பன்னிரண்டே முக்காலுக்குத் தம்பி நஸ்ரியின் செய்தி ரபீக்காவின் கைபேசிக்கு வந்தது.

“கட்டுநாயக்க எயார்போட்டில இறங்கிட்டன் ராத்தா. எனக்காக வச்சிருக்க வேணாம், அசரோட அடக்குங்க.”

அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகுதான் நேரத்தைப் பார்த்தாள்.

வாப்பா ஸெய்னுதீன் விடியற்காலை சுபஹு நேரம் மௌத்தானார். மூதூரில் காலையில் மௌத்தானவரை நண்பகல் லுஹர் தொழுகையோடு, மிஞ்சினால் பிற்பகல் அசரோடு அடக்கிவிடுவார்கள். ஆனால் தோஹாவிலிருந்த தம்பி எட்டு மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். பிறகு ஏறிவிட்டதாகவும் சொன்னான்.

ஒரே மகன். ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

அதை வைத்துக்கொண்டுதான் ரபீக்கா முனீப் சாச்சாவோடு மல்லுக்கு நின்றாள். வாப்பாவின் தம்பியான அவர் லேசில் மசிகிற ஆள் இல்லை. ஜனாஸாவைப் பிந்த வைக்கக் கூடாது என்று ஒரே பிடி.

அவளும் விடவில்லை. அங்கே எட்டு மணியென்றால் இங்கே பத்தரை. தோஹாவிலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், நாலே முக்கால் மணித்தியாலப் பறப்பு. மூன்றேகாலுக்கு இறங்குவான். அங்கிருந்து மூதூருக்கு வான் வண்டியில் ஆறு மணித்தியாலம். இரவு ஒன்பதரைக்குள் வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிடுவான்.

விரல்விட்டு எண்ணிக் காட்டிய பிறகுதான் சாச்சா வாயை மூடினார். நல்லடக்கம் இரவு பத்து மணிக்கு என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அறிவித்தாயிற்று. இறங்கியதும் பார்க்கட்டும் என்று அதைத் தம்பிக்கும் எழுதிப் போட்டிருந்தாள்.

மூன்றேகாலுக்கு இறங்க வேண்டியவன் எப்படி இப்போதே இறங்கினான்?

அவள் மறுபடியும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எட்டோடு நாலே முக்காலைக் கூட்டியிருக்கிறான், மடையன். ஊர் நேரம் பார்த்து அனுப்பியவன், எட்டு மணி தோஹா நேரம் என்பதையும் இடையிலுள்ள இரண்டரை மணித்தியாலத்தையும் மறந்துபோனான். விமானத்தில் வருகிறவனுக்கு இந்தக் கணக்குப் பிழைக்காது. தோஹாவில் ஓர் அறைக்குள் குந்திக்கொண்டு கூட்டுகிறவனுக்குத்தான் பிழைக்கும்.

நஸ்ரி கம்பனியை விட்டு ஓடிவிட்டான், விசா முடிந்து ஒளித்துத் திரிகிறான் என்று தோஹாவிலிருந்து லீவில் வந்த தோப்பூர் றிஸ்வி சொன்னபோது, அவனை ஏசித் துரத்தியது அவள்தான். வர ஏலாது என்று சொல்ல வாய் வராமல்தான் ஏறிவிட்டேன் என்றிருக்கிறான். தனக்காக ஜனாஸாவையே நிறுத்தி வைப்பார்கள் என்று அவன் எங்கே நினைத்தான்.

கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

அறைக்குள் உம்மா வாப்பாவின் ஜனாஸாவுக்குத் தலைமாட்டில் இருந்தார். மகளைக் கண்டதும் நிமிர்ந்தார். அந்தக் கண்கள் கேட்டதற்கு ரபீக்காவால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

“தம்பி இறங்கிட்டான் உம்மா.”

உம்மா சுவர் மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தார். மகன் வேலை முடிந்து அறைக்கு வரும் நேரத்தை, அந்த மணிக்கூட்டில் இரண்டரையைக் கழித்துக் கணக்கிட்டே ஆறு வருடமாகப் போனில் கோல் எடுத்தவர் அவர்.

எட்டுக்கு ஏறியவனுக்கு அங்கே இன்னும் பத்தேகால்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப அசரோட எடுக்கச் சொல்லு மகள்,” என்றார். “பிளேன் பிந்திட்டாம் எண்டு சாச்சாட்ட சொல்லு.”