ரே வீடு திரும்பும் காட்சி

"கடைசியில அந்தத் தீயணைப்பு வீரன் செத்துடணும். நான் கேக்கறது அவ்வளவுதான்" என்றார் ஹார்லன் புரூயிட்.

எதிரே உட்கார்ந்திருந்த கொரீன், பேக்கர்ஸ்ஃபீல்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் எழுதி ஒன்பது வருடமாகக் கையில் வைத்திருக்கும் திரைக்கதையை எத்தனையோ கம்பெனிகள் திருப்பி அனுப்பிவிட்டன. பர்பாங்கில் இருக்கும் இந்தத் தயாரிப்பாளர் ஒருவர்தான் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, நேரில் வரச் சொல்லியிருந்தார்.

"படிச்ச அன்னிக்கு எனக்கு வேற வேலையே ஓடல, கொரீன். ஆனா எரியற கட்டடத்துக்குள்ள போறான், குழந்தையைக் காப்பாத்தறான், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்துடறான். யாரு நம்புவா?"

"நம்பாட்டியும் பரவாயில்ல சார். அவர் வீட்டுக்கு வரணும்."

"ஹீரோ ரெடி. செப்டம்பர்ல ஷூட்டிங் போகலாம். நீங்கதான் டைரக்ட் பண்ணணும்னு கேட்டீங்க, அதுக்கும் சரின்னுட்டேன். அந்தக் கடைசி மூணு பக்கத்தை மட்டும் மாத்துங்க. அவன் செத்தா தியேட்டரே அழும்."

கொரீன் மடியிலிருந்த கைப்பையின் வாரை முறுக்கினாள். "அது மட்டும் என்னால முடியாது."

"நிஜத்துல இப்படி ஒருத்தன் தப்பிச்சு வரவே மாட்டாம்மா."

"தெரியும் சார்" என்று எழுந்தாள். "முழுசாப் படிச்சீங்களே, அதுவே பெருசு. ரொம்ப நன்றி."

அவர் வாசல்வரை கூடவே வந்தார். "முட்டாள்தனம் பண்றீங்க" என்றார், கோபமில்லாமல். "மனசு மாறினா கூப்பிடுங்க."

ஊர் திரும்ப மலைச்சாலையில் இரண்டு மணி நேரப் பயணம். வழியில் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டினாள். செப்டம்பரில் ஷூட்டிங் என்று அவர் சொன்னதே திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மறுபடி கிளப்பினாள்.

நேராக லோர்னாவின் வீட்டுக்குத்தான் போனாள். எழுபதை நெருங்கும் லோர்னாதான் அந்தத் திரைக்கதையின் முதல் வாசகி. எந்தத் திருத்தம் செய்தாலும் முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டுவாள்.

"என்னடி ஆச்சு?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டார் லோர்னா.

"எடுக்கறேன்னார். கடைசிக் காட்சியை மாத்தணுமாம். முடியாதுன்னுட்டேன்."

"பைத்தியமா உனக்கு? ஒன்பது வருஷம்டி. மாத்திக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே?"

"மனசு வரல, லோர்னா."

லோர்னா அவளையே பார்த்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, அதைப் படி. கேப்போம்."

கொரீன் படித்தாள். "சமையலறை. மாலை. கதவு திறக்கிறது. முகமெல்லாம் கரியுடன் ரே உள்ளே வருகிறான். பூட்ஸைக் கழற்றாமலே மேசைமுன் உட்கார்கிறான். 'சூப் ஆறிடுச்சா?' என்கிறான். மனைவி திட்டிக்கொண்டே மறுபடி சூடு பண்ணுகிறாள்."

"பூட்ஸோடதான் வருவார்" என்று சிரித்தார் லோர்னா. "எத்தனை திட்டினாலும் கேக்க மாட்டார்." கொரீனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை படி, கண்ணு."

கொரீன் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். முப்பத்தொரு வருடங்களுக்கு முன்னால், எரிந்துகொண்டிருந்த மாடியின் ஜன்னல் வழியாக ஏழு வயதுக் கொரீனை ஏணியில் நின்றவரிடம் நீட்டிவிட்ட லோர்னாவின் கணவர் ரே, அவளுக்குப் பின்னால் இறங்கி வரவே இல்லை.