கழுவிய சுவர்

வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் மூன்று பேசும் இயந்திரப் பெட்டிகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தன. ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனியின் மதிப்பீட்டாளர். இன்னொன்று எங்கள் தரப்பு மதிப்பீட்டாளர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது, நடுவர். மனிதர்கள் இந்த வேலையை விட்டு வருஷங்களாகிறது. இழப்பீடு வந்தால்தான் விரிசல் விட்ட பின்சுவரைக் கட்ட முடியும். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"விரிசல் பழையது. வெள்ளம் புகுந்த அடையாளமே இல்லை" என்றது கம்பெனிப் பெட்டி.

எப்படி இருக்கும்? ஆட்கள் வருகிறார்கள் என்று அம்மா காலையிலேயே சுவர்களைத் தேய்த்துக் கழுவி, இடுப்பளவு இருந்த சேற்றுத் தடத்தைத் துடைத்து, வாசலில் கோலமும் போட்டுவிட்டாள்.

"சாட்சியையே கழுவிட்டியேம்மா!"

"வர்றவங்க நம்ம வீட்டப் பாத்து மூஞ்சி சுளிக்கணுமாடி?"

எங்கள் பெட்டியை அமர்த்திய நாற்பது பக்க ஒப்பந்தத்தையும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். வீட்டின் முதல் பட்டதாரியாயிற்றே. கம்பெனிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன்: "ஈர வாடைகூடவா தெரியல?"

"பினாயில் வாடைதான் தெரிகிறது."

பதில் வந்தது எங்கள் பெட்டியிலிருந்து.

நான் அதன் பக்கம் திரும்பினேன். அதற்குள் அம்மா கொல்லையிலிருந்து கை நிறையச் சேறு அள்ளி வந்து, இடுப்பளவில் சுவரில் கோடு இழுக்க ஆரம்பித்திருந்தாள்.

"இவ்ளோ ஒசரம் நின்னுச்சு சார். பொய் சொல்லல."

மூன்று பெட்டிகளும் ஒரே நொடியில், ஒரே குரலில் பேசின.

"மோசடி முயற்சி பதிவாகிவிட்டது."