மூன்றாவது மலை

கோட்டை உச்சிக்கு ஏறியதும் அந்தப் பெரிய மனிதர் சுற்றுலாப் புத்தகத்தை விரித்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"படத்துல மூணு மலை இருக்கு. இங்க ரெண்டுதான் நிக்குது. மூணாவது எங்கய்யா?"

"அது பழைய படம் சார்."

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "மலை என்ன தலைமுடியா, வயசானா உதிர்ந்து போறதுக்கு? மலையையே முழுங்கிட்டு ஏப்பம் விடுற கூட்டம்யா நீங்க!"

அவர் மனைவி சிரித்தார். "விடுங்க. கைடுக்கு எண்ணவே வராதுபோல."

"எண்ண வரும்மா. இது கோட்டை மலை, அது அருவி மலை. மூணாவதுலதான் ராணி கட்டின காவல் கோபுரம் இருந்துச்சு."

"அதைக் காட்டுன்னுதானே சொல்றேன்? இல்லேன்னா உன் மேல புகார் எழுதிக் கொடுப்பேன். நான் யாருன்னு தெரியுமா?"

தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது. மலையைக்கூட அவர் ஆபீஸ் காகிதத்தில் வெறும் சர்வே நம்பராகத்தான் பார்த்திருப்பார்.

"உங்க கல்குவாரியில ஒன்பது வருஷம் லாரி ஓட்டினேன் சார். மலை தீர்ந்துச்சு, வேலையும் தீர்ந்துச்சு. அதான் கைடாயிட்டேன்."

அவர் புத்தகத்தை மூடினார். நான் அந்த அம்மாவிடம் திரும்பினேன்.

"கோபுரத்தைப் பார்க்கணும்னா உங்க வீட்டு வாசப்படியைப் பாருங்கம்மா. அந்தக் கல்லை நான்தான் கொண்டுவந்து இறக்கினேன்."