தேக்குக்கட்டை லூயிஸ்

“இத்தக் கொஞ்சம் கொறைக்க முடியுமா?” என்று சிலுவையம்மாள் முதன்முதலில் கேட்டது மீசையை.

அதற்கென்ன என்று மரச்சிலை செதுக்கும் ஃப்ளோராவும் சீவிவிட்டாள். அங்கே பிடித்தது சனியன்.

சிலுவையம்மாளின் மகன் லூயிஸ் கப்பல் கலாசி. ஜெர்மன் சண்டையின்போது கப்பலோடு முழுகிப்போனான். உடம்பு வரவில்லை. போட்டோவும் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் அவன் பேருக்கு நிற்கிற சிலுவையின் அடியில் வைக்க, மரத்தில் அவன் உருவம் வேண்டும் என்றாள். கல்லறைத் திருநாளுக்குள் வேண்டுமாம்; திருநாள் இதோ நாளைக்கு.

ராயபுரத்தில் லூயிஸைத் தெரியாதவர்கள் யார்? முறுக்கு மீசையும் பனைமரத் தோளுமாக நினைவிலிருந்தே செதுக்கத் தொடங்கினாள் ஃப்ளோரா.

காகிதத்தில் வரைவதில்லை, களிமண்ணில் மாதிரி பிடிப்பதில்லை. நேரே கட்டையில் உளியை வைப்பாள். மண்ணென்றால் அப்பிச் சரிசெய்யலாம். மரத்தில் எடுத்தது எடுத்ததுதான். அதனால் மூக்கும் தாடையும் பெரிதாகவே நிற்கும், கடைசியில் குறைத்துக்கொள்ள. கண்ணை மட்டும் முதலிலேயே திறந்துவிடுவாள். தன்னைப் பார்க்காத கட்டையோடு அவளுக்கு வேலை ஓடாது.

கண்ணைச் சிலுவையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் குறை. தாடை பெரிசு. கழுத்து நீளம். இதென்ன தோள், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன் தோளா?

ஃப்ளோரா பல்லைக் கடித்துக்கொண்டு சீவினாள்.

இன்றைக்கு மூக்கு.

“யக்கா, வெளையாடிக்கினு கீறியா? நீ கேட்டது புள்ளையா, ஆப்பையா? இன்னும் சீவுனா கொழம்பு கிண்டத்தான் ஆவும்!”

“கடைசியா ஒரே சீவும்மே.”

சீவினாள். தூளை ஊதினாள். உளியை வீசிவிட்டு எரிச்சலோடு பின்னால் நகர்ந்து நின்றாள். செதுக்கும்போது உளி படுகிற இடம்தான் தெரியும். முழுசாகப் பார்த்து நாளாகிவிட்டது.

மீசை இல்லை. கழுத்தும் இல்லாத மாதிரிதான். தாடை போனதில் கன்னம் உப்பி நின்றது. மூக்கு பொட்டளவு. எல்லாம் சிறுத்துப்போன முகத்தில், சிறிதாக்கவே முடியாத அந்தக் கண்கள் மட்டும் அகல விழித்துக்கொண்டிருந்தன.

கப்பலேறின லூயிஸ் இல்லை. பல் முளைக்காத லூயிஸ்.

“யக்கா…” ஃப்ளோராவின் குரல் இறங்கிவிட்டது. “இத்தயா நாளைக்குக் கல்லறைல வெப்ப?”

சிலுவையம்மாள் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். தலைக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கினாள். தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.